கருவடிக்குப்பத்துக் கம்பெனி

— செருப்ப அப்பறம் கழட்டலாம். மொதல்ல சொல்லு, எங்க இருந்து வர்ற?

— இன்னா மாமா கேள்வி இது? கம்பெனியில இருந்துதான் வர்றேன். மழையில பஸ்ஸு லேட்டாயிடுச்சி. அது இன்னா நெத்தியில?

— எந்தக் கம்பெனி?

— எனக்கு எத்தினி கம்பெனி கீது? மேட்டுப்பாளையத்துக் காயில் கம்பெனிதான். மூணு வருசமா போயிக்கினு இருக்கறேன், இன்னிக்குப் புதுசா கேக்கற. இந்தா, இப்பிடித் திரும்பு. ரத்தம் காஞ்சி போயிக் கெடக்குது. விழுந்துட்டியா?

— விழுந்தேன். காலையில.

— காலையிலயா? எத்தினி மணிக்கு?

— நீ போயி ரெண்டு மணி நேரம் இருக்கும். தண்ணிச் சொம்பு கொஞ்சம் தள்ளி இருந்துச்சி. எட்டி எடுக்கப் பாத்தேன், ஒடம்பு நழுவிடுச்சி. மேல்பாதி போனா கீழ்ப்பாதியும் கூடவே போயிதான ஆவணும். ஓடு மாத்த ஏறி விழுந்த நாள்ல இருந்து அது என் பேச்ச எங்க கேக்குது.

— கூப்புட்டியா யாரையாச்சும்?

— தொண்ட போற வரைக்கும் கூப்புட்டேன். பக்கத்து வீட்டு மணியம்மா ரேஷனுக்குப் போயிருந்துச்சி. சொம்புத் தண்ணி பூரா கீழ ஊத்திடுச்சி, அந்த ஈரத்துலயே கெடந்தேன். பன்னண்டு மணிக்கு மில்லு சங்கு ஊதற வரைக்கும் கெடந்தேன். லுங்கியெல்லாம் நனஞ்சி போச்சி. அது சொம்புத் தண்ணி மட்டும் இல்ல. இதச் சொல்லவே வெக்கமா கீது.

— எங்கிட்ட இன்னா மாமா வெக்கம்.

— உங்கிட்ட இல்ல. மணியம்மா கஞ்சி எடுத்துக்கினு வந்து பாத்துட்டு, அது தம்பி அரிகிருஷ்ணனக் கூப்புட்டுச்சி. அவன்தான் தூக்கிப் போட்டு, தொடச்சி, லுங்கி மாத்தி உட்டான். என்ன அண்ணே அண்ணேன்னு கூப்புடற பையன் எனக்கு லுங்கி மாத்தறான். நான் மேல ஓட்ட எண்ணிக்கினு கெடந்தேன். சரி, அத விடு. அப்பறம் அவன் சைக்கிள எடுத்துக்கினு மேட்டுப்பாளையம் போனான். உன்ன இட்டுக்கினு வர.

— நான் இன்னிக்கு ஸ்டோர்ல இருந்தேன் மாமா. பின்னால. வாட்ச்மேனுக்குத் தெரிஞ்சிருக்காது.

— வாட்ச்மேன்னு நான் சொல்லவே இல்லியே. அதான் கேக்கறேன். எங்க இருந்து வர்ற?

— வாட்ச்மேன் இன்னா சொன்னானாம்?

— சிரிச்சானாம். அன்னக்கிளியா, அந்தம்மா இங்க எங்கப்பா வருது, சித்திரையிலயே மிசினத் தூக்கிக்கினு போயிடுச்சே, வீட்டுல இருந்துதான செய்யுது, சனிக்கிழமையானா வந்து சரக்கக் குடுத்துட்டு செம்புக் கம்பி வாங்கிக்கினு போவுதுன்னானாம். இப்ப ஐப்பசி. ஆறு மாசம். வெரல் விட்டு எண்ணிப் பாத்தேன், எனக்கு வேற இன்னா வேல.

— அரிகிருஷ்ணன் கிட்ட நீ இன்னா சொன்ன?

— பாத்தியா, அதத்தான் மொதல்ல கேக்கற.

— சொல்லு மாமா.

— அவன் என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. தலையில இருந்த மழத்தண்ணியத் தொடச்சிக்கினே, அண்ணே, அண்ணி வேற எங்கனா போவுதான்னு கேட்டான். நான் சிரிச்சேன். ஆமாண்டா, வேற கம்பெனிக்கு மாறிடுச்சி, உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன், வீணா உன்ன அலைய வெச்சிட்டேன்னு சொன்னேன். நல்லாவே சிரிச்சேன். அவன் நம்பல. நம்புன மாதிரி தலைய ஆட்டிட்டுப் போனான். அவன் தலைய ஆட்டுனதத்தான் என்னால தாங்க முடியல.

— மாமா...

— ஆளு யாரு?

— எந்த ஆளு?

— நான் எழுந்து வந்து அடிக்கவா போறேன். பேரச் சொன்னாப் போதும். நான் விழுந்து நாலு வருசம் ஆவுது. நீயும் மனுசிதான, எனக்குத் தெரியாதா? நானே நெனச்சிருக்கறேன், இவ இன்னும் எத்தினி நாளைக்கி இந்தக் கட்டிலயே சுத்திக்கினு கெடப்பான்னு. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஊரான் வந்து எனக்குச் சொல்ற மாதிரி வெச்சிட்ட பாரு.

— வாய மூடு மாமா. ஆளும் இல்ல, ஒண்ணும் இல்ல.

— அப்ப தெனம் எட்டு மணிக்கு டிபன் பாக்ஸ எடுத்துக்கினு எங்கடி போற?

— மெதுவாப் பேசு. மணியம்மா அக்கா வருது.

— இன்னா அன்னக்கிளி, வந்துட்டியா? உப்பு வறுத்து முடிச்சி எடுத்தாந்தேன், தோள்பட்டைக்கி ஒத்தடம் குடு. பாவம், மனுசன் நனஞ்ச கோழி மாதிரி கெடந்தாரு. நான் மட்டும் வந்து பாக்கலன்னா இன்னா ஆயிருக்கும்.

— நீ நல்லா இருக்கணும்க்கா.

— அது கெடக்குது. ஆமா, கம்பெனி மாறிட்டியாமே? எந் தம்பி சொன்னான். பக்கத்துலயே கீறேன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா. எங்க மாறியிருக்கற?

— கருவடிக்குப்பத்துலக்கா.

— கருவடிக்குப்பத்துலயா? அங்க ஏது கம்பெனி? சித்தர் கோயிலும் சுடுகாடும்தான எனக்குத் தெரிஞ்சி.

— சின்னக் கம்பெனிக்கா. மூணு பேருதான்.

— அப்ப கிட்டக்கத்தான். நடந்தா கா மணி நேரம் ஆவுமா? இது தெரிஞ்சிருந்தா எந் தம்பி கொட்டற மழையில மேட்டுப்பாளையம் வரைக்கும் மிதிச்சிருப்பானா? முருகையா, நீயாச்சும் சொல்லக் கூடாதா?

— மறந்துட்டேன்க்கா.

— புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் மறதிக்காரங்க. சரி, அங்க இன்னொரு ஆளு எடுப்பாங்களா? எங்க நாத்தனா மவ எஸ்.எஸ்.எல்.சி. பெயிலாயிட்டு வூட்டுலயே குந்திக்கினு கீது. மேனேஜரு எப்பிடி, நல்ல மாதிரியா?

— கேட்டுச் சொல்றேன்க்கா.

— மறக்காம கேளு. வூட்டுக்குள்ளயே அடஞ்சி கெடந்தா பொண்ணு வீணாப் போயிடும். நான் வர்றேன், ஒல கொதிக்குது. உப்பு ஆறிடப் போவுது, சீக்கிரம் குடு.

— போயிடுச்சா?

— போயிடுச்சி. தோள காமி மாமா, சூடு ஆறுது.

— ஆறட்டும். கருவடிக்குப்பத்துல யாரு வீடு?

— ஆயம்மா வீடு.

— எந்த ஆயம்மா?

— சொல்தா வீட்டு ஆயம்மா. புருசன் பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்து, கப்பல்ல போயி சண்டையெல்லாம் போட்டுட்டு வந்தவரு. அவரு செத்துட்டாரு, பென்ஷன் வருது. புள்ளைங்கல்லாம் பிரான்சுல. அந்தம்மா ஒண்டியா கீது. வீட்டுக்குப் பின்னால ஒரு கொட்டா. முன்ன சொல்தா காரு நிறுத்தி வெச்ச எடம். சிமிட்டித் தர போட்டு, ஜன்னல் வெச்சி, நல்லா இருக்கும்.

— அங்க உனக்கு இன்னா வேல?

— அங்கதான் மிசினு கீது.

— உன் மிசினா?

— என்னுது ஒண்ணு. கூட வேல செய்யற சின்னப்பாப்பாவோடது ஒண்ணு, கனீஸ் பாத்திமாவோடது ஒண்ணு. மூணு பேருக்கும் ஒரே நாள்ல குடுத்து அனுப்பிட்டாங்க.

— எதுக்கு?

— மேனேஜரு ரூமுக்குக் கூப்புட்டாரு. வீட்டுல கஷ்டம் இருக்கற பொம்பளைங்க இனிமே அலைய வாணாம்மா, கை மிசின வீட்டுக்கே எடுத்துக்கினு போங்க, அதே கூலி, வீட்டயும் பாத்துக்கலாம் வேலையயும் பாத்துக்கலாம்னாரு. ஏதோ தானம் குடுக்கற மாதிரி மூஞ்சிய வெச்சிக்கினாரு. நாங்களும் கையெடுத்துக் கும்புட்டோம். கும்புட்டுட்டு கேட்டாண்ட வந்து நின்னா, பாத்திமா அழுவறா.

— அழுவ இன்னா கீது? நல்லதத்தான சொல்லியிருக்கறாரு.

— ஆமா. நல்லதுதான்.

— அப்பறம்?

— பாத்திமா வீட்டுல ஒரு ரூம்பு, ஒம்பது பேரு. வீட்டுல குந்தி வேல செஞ்சா அத வேலன்னே ஒத்துக்க மாட்டாங்களாம். சும்மாத்தான கீற, அந்தத் துணிய எடு, இந்தக் கொழந்தயப் புடின்னுவாங்களாம். சின்னப்பாப்பாவுக்கு மாமியாக்காரி. எழுந்தா ஒரு சொல்லு, ஒக்காந்தா ஒரு சொல்லு. அவங்க ரெண்டு பேருக்கும் வாயத் தொறந்து சொல்றதுக்கு ஒரு காரணமாச்சும் இருந்துச்சி.

— உனக்கு?

— எனக்கு... காயில் சுத்தறது லேசு இல்ல மாமா. டிவி பொட்டிக்குள்ள வெக்கறது அது. கம்பி தலமயிரு கனம்தான் இருக்கும். நானூறு சுத்து, எண்ணிக்கினே சுத்தணும். நடுவுல யாருனா கூப்புட்டா எண்ணிக்க தப்பிடும், பிரிச்சி மறுபடி மொதல்ல இருந்து சுத்தணும். நீ தண்ணி கேப்ப, திருப்பிப் போடுன்னுவ, எங்க போறன்னுவ...

— கேக்காம இருந்திருப்பேன். சொல்லியிருந்தா வாய மூடிக்கினு கெடந்திருப்பேன். நானூறு ஆற வரைக்கும் தண்ணி கேக்கக் கூடாதுன்னா கேக்க மாட்டேன். பன்னண்டு வருசம் ஸ்பின்னிங்ல நின்னவன் நான். மிசினு ஓடறப்ப குறுக்கப் பேசக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?

— அய்யோ, அது பொய்யி மாமா. அங்க நாங்க பேசிக்கினேதான் சுத்தறோம். சின்னப்பாப்பா பாட்டுகூடப் பாடுவா. எண்ணிக்க தானா ஓடும், கை பழகிடுச்சி. நீ கூப்புட்டா கெட்டுப் போயிடும்னு சொன்னது பொய்யி.

— அப்ப இன்னாதான் நெசம்?

— கேக்காத.

— கேப்பேன்.

— ஆளு கீதுன்னு சொல்லிட்டாத் தேவலன்னு தோணுது. அதச் சொன்னா நீ காறித் துப்புவ, நான் கால்ல விழுவேன், தெரு நாலு நாள் பேசும். அதுக்கெல்லாம் ஒரு வழி கீது. இதுக்கு வழியே இல்ல. இதக் கேட்டா நீ என்னத் திட்டகூட மாட்ட. அதான் எனக்கு பயம்.

— சொல்லு.

— எனக்கு இங்க இருக்கப் புடிக்கல.

— ...

— உன்ன விட்டுட்டுப் போவணும்னு இல்ல. உன்ன விட்டுட்டு நான் எங்க போவேன்? சாயங்காலம் ஆனா வந்துடறேன் இல்ல? கழுவறேன், தொடைக்கறேன், புண்ணு வராம திருப்பிப் போடறேன், முதுவுக்குப் பவுடர் போடறேன். அது ஒண்ணும் எனக்குக் கஷ்டமா இல்ல. மாரியாத்தா சத்தியமா இல்ல. ஆனா பகல்ல ஒரு எட்டு மணி நேரம் எனக்கு வேணும். அவ்ளோதான்.

— அந்த எட்டு மணி நேரத்துல இன்னா கெடைக்குது உனக்கு?

— சொன்னா சிரிப்ப.

— சிரிக்கற மாதிரியா கீது என் மூஞ்சி?

— ஒரு நாற்காலி கெடைக்குது. ஆயம்மா வீட்டு மர நாற்காலி, ஒரு பக்கம் கை ஒடஞ்சது. அது என்னுது. நான் எழுந்து போனா வேற யாரும் ஒக்கார மாட்டாங்க. ஒம்பது மணிக்கு ஆயம்மா வந்து, பிரெஞ்சுல வணக்கமாம், பொன்ழூர்னு சொல்லி ஒரு பித்தள மணிய அடிக்கும். நாங்களும் பொன்ழூர்னுட்டு ஆரம்பிப்போம். கோடு போட்ட நோட்டு ஒண்ணு வெச்சிருக்கறோம், வந்தவொடனே கையெழுத்துப் போடணும். லேட்டா வந்தா செவப்பு இங்க்கு. வாரத்துக்கு ஒருத்தி சூப்பர்வைசரு. போன வாரம் நான்தான். பாத்திமா பத்து நிமிசம் லேட்டு, செவப்புல போட்டுட்டேன். ரெண்டு நாள் எங்கிட்ட பேசல அவ. பதினோரு மணிக்கு டீ. ஒரு மணிக்கு மூணு டிபன் பாக்ஸயும் நடுவுல தொறந்து வெச்சி ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப்போம்.

— வாடக?

— வாணாம்னுடுச்சி. பேச்சுத் தொணைக்கு ஆளு வந்தாப் போதும்னுச்சி. ஆயுத பூஜைக்குக்கூட மூணு மிசினுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சோம். ஆயம்மா வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க, ஆனாலும் பொரிகடல வாங்கிக் குடுத்துச்சி. பாத்திமா கும்புடல. பொரி மட்டும் ரெண்டு கை வாங்கித் துன்னா.

— மொதலாளி இல்ல, மேஸ்திரி இல்ல. நீங்களே நோட்டு வெச்சி, நீங்களே கையெழுத்துப் போட்டு, உங்களுக்கு நீங்களே லேட்டு போட்டுக்கறீங்க.

— ஆமா.

— பைத்தியமாடி உங்களுக்கு?

— இருக்கும். ஆனா நீ மில்லுல இருந்தப்ப இன்னா பண்ண? ஸ்ட்ரைக்கு வந்து ரெண்டு மாசம் மில்லு மூடிக் கெடந்துச்சே, அப்பவும் மொத ஷிப்டு சங்கு ஊதற நேரத்துக்குச் சட்டய மாட்டிக்கினு கேட்டாண்ட போயி நின்னுட்டுதான் வருவ. வீட்டுலயே இரேன் மாமான்னா, வீட்டுல இன்னாடி கீதுன்னுவ. நான் கதவ சாத்திக்கினு உள்ள இருப்பேன். எனக்கும் அதேதான் தோணும், வீட்டுல இன்னா கீதுன்னு. எனக்குப் போறதுக்கு ஒரு கேட்டு இல்ல, அவ்ளோதான்.

— அது வேற.

— எப்பிடி வேற? அங்க என்ன அன்னக்கிளின்னு கூப்புடறாங்க மாமா. இங்க யாரு என் பேரச் சொல்றாங்க? முருகையன் பொண்டாட்டி, பாவம், அவளுக்குக் கோயிலு கட்டிக் கும்புடலாம்னு இந்தத் தெருவு சொல்லுது. அதக் கேக்கறப்பல்லாம் ஒடம்பு கூசுது எனக்கு. நான் எங்க போயிட்டு வர்றேன்னு எனக்குத்தான தெரியும்.

— தெனம் பஸ்ஸு ஏறறியே. மணியம்மா வந்து சொல்லும், இப்பத்தான் மேட்டுப்பாளையம் பஸ்ஸுல ஏறுனா உன் பொண்டாட்டின்னு.

— ஏறி, அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுவேன். சந்து வழியாவே திரும்பி நடந்து கருவடிக்குப்பம் போவேன். சாயங்காலமும் அப்பிடித்தான். ஒரு ஸ்டாப்பு தள்ளிப் போயி பஸ்ஸு ஏறி, நம்ம தெரு மொனையில எறங்குவேன். நேரா நடந்து வந்தா சீக்கிரம் வந்துடலாம். கண்டக்டரு இப்பல்லாம் என்னப் பாத்தா மொறைக்கறான்.

— ஆறு மாசமா இதே வேலையா?

— ஆறு மாசமா.

— இன்னிக்கு நான் தரையில கெடந்தப்ப நீ கா மணி நேர நடையில இருந்த.

— டீ குடிச்சிக்கினு இருந்தேன். சின்னப்பாப்பா அவ மாமியா மாதிரியே பேசிக் காமிச்சா. சிரிச்ச சிரிப்புல டீ மூக்குல ஏறிடுச்சி. அந்த நேரத்துல நீ...

— அத எதுக்கு இப்ப சொல்ற?

— எல்லாத்தயும் கொட்டிடணும்னு தோணுது. ஆயம்மா ஒரு நாள் கேட்டுச்சி. பாவம்மா உன் புருசன் ஒண்டியாக் கெடக்கறாரு, ஒரு வண்டி வெச்சி இங்க இட்டுக்கினு வா, கொட்டாயில ஒரு கட்டில் போட்டுடலாம், எல்லாரும் பேசிக்கினு இருக்கலாம்னுச்சி.

— நீ இன்னா சொன்ன?

— அவருக்கு வெளிச்சம் ஆவாது, தலவலி வந்துடும்னு சொல்லிட்டேன்.

— எனக்கா?

— உனக்குத்தான்.

— வந்திருப்பேன் அன்னம்.

— தெரியும் மாமா. நீ வருவன்னு தெரிஞ்சிதான் அப்பிடிச் சொன்னேன். திட்டேன். நாலு வார்த்த திட்டித் தொலையேன்.

— இன்னும் எதுனா கீதா?

— ஒண்ணே ஒண்ணு கீது. மிசின் குடுத்த அன்னிக்கி நான் நேரா வீட்டுக்குத்தான் வந்தேன். சத்தியமா. மிசின கோணியில சுத்தி இடுப்புல வெச்சிக்கினு, பஸ்ஸ விட்டு எறங்கி, நம்ம தெருக் கொழாயாண்ட வரைக்கும் வந்துட்டேன். மணி மூணு இருக்கும். கொழாயாண்ட நின்னா நம்ம ஜன்னல் நல்லாத் தெரியும். நீ செவுத்துல சாஞ்சி ஒக்காந்துக்கினு இருந்த. ஷேவு பண்ணிக்கினு, தலைய வாரிக்கினு, வெள்ளச் சட்ட போட்டுக்கினு இருந்த. தெருவையே பாத்துக்கினு இருந்த. நான் கொழாய்க்குப் பின்னால ஒதுங்கிட்டேன்.

— எதுக்கு ஒதுங்கணும்?

— மிசினோட உள்ள நொழஞ்சிட்டா, நாளைக்கி, நாளன்னிக்கி, அடுத்த வருசம், எல்லா நாளும் அந்த ஜன்னலுக்கு உள்ள இருந்துக்கினுதான் தெருவப் பாக்கணும்னு தோணிடுச்சி. நீயும் நானும் பக்கத்துல பக்கத்துல. கால எடுத்து வெக்கப் பாக்கறேன், வரல. என் காலு என்னுது மாதிரியே இல்லடின்னு நீ சொல்லுவியே, அது எப்பிடி இருக்கும்னு அன்னிக்கித்தான் தெரிஞ்சிது. கொழாயாண்ட தண்ணி புடிக்கறவங்க, இன்னா அன்னக்கிளி இன்னா மூட்டன்னு கேட்டாங்க. தவுடுன்னு சொன்னேன். அப்பிடியே திரும்பி நடந்துட்டேன். சின்னப்பாப்பாதான் ஆயம்மா வீட்டக் காமிச்சா.

— அன்னிக்கி ஆறு மணிக்கு வந்த நீ. வேல ஜாஸ்தின்னு சொன்ன. கையில டிபன் பாக்ஸ் மட்டும் இருந்துச்சி.

— நீ அன்னிக்கிச் சாப்புடல. வயிறு சரியில்லன்னுட்டு செவுத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கினு படுத்துட்ட. எனக்குப் பயமாப் போச்சி, பாத்துட்டாரோன்னு.

— பாக்கல.

— நாளைக்கி மிசினக் கொண்டாந்துடறேன் மாமா. நோட்டு, மணி, ஒண்ணும் வாணாம். ஜன்னலாண்ட ஒரு பலக போட்டுக்கினு இங்கயே சுத்தறேன். இனிமே எங்கயும் போவ மாட்டேன்.

— வாணாம்.

— கோவத்துல சொல்லாத.

— கோவம் எல்லாம் போயி ரொம்ப நேரம் ஆச்சி. மத்தியானம் அரிகிருஷ்ணன் வந்து சொன்னப்பவே எனக்குப் பாதி வெளங்கிடுச்சி. ஆளு யாருன்னு கேட்டேன் பாரு, ஒரு ஆளு இருந்துடட்டும்னுதான் கேட்டேன். நீ ஒரு ஆளுக்காகப் போனன்னா அது அவன் சாமர்த்தியம். யாரும் இல்லாம போறன்னா அதுக்குக் காரணம் நான்தான.

— அப்பிடிச் சொல்லாத மாமா.

— உப்பு ஆறிடுச்சா?

— இன்னும் கொஞ்சம் சூடு கீது.

— வெய்யி. அந்தப் பக்கம். ஆங். நானும் ஒண்ணு பண்ணிட்டேன், கைய எடுக்காம கேளு. என் மூஞ்சியப் பாக்காத.

— நீ இன்னா பண்ண, பாவம், இந்தக் கட்டில்ல கெடந்துக்கினு.

— லெட்டர் எழுதினேன்.

— யாருக்கு?

— உங்க மேனேஜருக்கு. பங்குனியில. அரிகிருஷ்ணன் கிட்ட ஒட்டிக் குடுத்து தபால்ல போடச் சொன்னேன். மில்லுல சங்கத்துக்கு மனு எழுதின கையாச்சே, நல்லாத்தான் எழுதினேன். பகல்ல நான் படற பாட்ட ஒண்ணு விடாம எழுதினேன். ஈரம், நாத்தம், எல்லாம். என் பொண்டாட்டி மாதிரி வீட்டுல கஷ்டம் இருக்கற பொம்பளைங்களுக்கு மிசினக் குடுத்து வீட்டுக்கே அனுப்பி வெய்யுங்கய்யா, உங்க கொழந்தைங்க நல்லா இருக்கும்னு எழுதினேன். உங்கிட்ட கேக்கல. கேட்டா நீ மாட்டேன்னுடுவியோன்னு.

— நீயா மாமா? பாத்திமாவுக்கும் சின்னப்பாப்பாவுக்கும் சேத்து...

— அவங்களையும் அனுப்புவாருன்னு நான் கண்டனா? எனக்கு நீ வந்தாப் போதும்னு இருந்துச்சி. தெனம் மூணு மணிக்கு மேல இன்னிக்கி மிசினோட வருவ, இன்னிக்கி வருவன்னு பாத்துக்கினே இருப்பேன். நீ டிபன் பாக்ஸோட வருவ. ஒரு நொண்டிப் பய இத்தினி கெஞ்சி எழுதியும் அவனுக்கு மனசு எரங்கலியேன்னு, ஆறு மாசமா அந்த மேனேஜரத்தான் அன்னம், வாயில வந்தபடி திட்டிக்கினு கெடந்தேன்.